இஎல்எம்327 ப்ளூடூத் ஓபிடி அடாப்டர்: எலக்ட்ரிக்கல் கோடுகளுக்கு எந்த அளவு உதவும்?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீல பிளாஸ்டிக் டப்பா. ஒரு பக்கம் பதினாறு பின், மறுபக்கம் ஒரு ஸ்டிக்கர், உள்ளே மினுக்கும் சில எல்இடி. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டர் இதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (வண்டி தன் கோளாறுகளை வெளியே சொல்லும் வாசல்) இதைச் செருகி ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டால் செக் லைட் ஏன் எரிகிறது என்று தெரிந்துவிடும் என்கிறார்கள் விற்பவர்கள். பாதிதான் உண்மை. வண்டி பதிந்து வைக்கும் கோளாறு எண்ணான 'கோடு' மூலம் எந்த சர்க்யூட் புகார் கொடுத்தது என்று தெரியும், எந்தப் பொருள் போனது என்று தெரியாது. இது புரியாதவர்கள் கோடில் வந்த பெயரைப் பார்த்து சென்சாரை மாற்றுவார்கள். மறுநாள் அதே லைட் எரியும். கடைசியில் குற்றவாளி, களிம்பு பிடித்த ஒரு எர்த் போல்ட்டாக இருக்கும்.

அதனால் இங்கே அடாப்டரைத் தனியாக எடைபோடவில்லை. பக்கத்தில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பார்க்கிறோம். மீட்டர் இல்லாதவருக்கு இந்த டப்பா பாதி விலைகூடப் பெறாது.

முதலில் வண்டி. இந்தியாவில் பி.எஸ்.4 (புகை அளவு விதி) கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்குப் பின் வந்த கார் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 2020 ஏப்ரலில் தொடங்கிய பி.எஸ்.6 வண்டிகளில் இன்னும் நன்றாகவே பேசும். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் அதே வடிவத்தில் இருந்தாலும் உள்ளே கம்பெனியின் சொந்த மொழி ஓடலாம். செருகியதும் எல்இடி எரியும், ஆனால் ஆப் 'கனெக்ட் ஆகவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அது டப்பாவின் குற்றம் இல்லை.

டப்பாவின் குற்றங்கள் வேறு. இஎல்எம்327 என்பது கனடாவின் இஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி உருவாக்கிய சிப். அதன் முதல் பதிப்பில் புரோகிராமுக்குப் பூட்டு போடாமல் விட்டார்கள். அன்று தொடங்கிய நகல் இன்றுவரை நிற்கவில்லை. அசல் கம்பெனி 2022-ல் கடையையே மூடிவிட்டது. சந்தையில் இருக்கும் மலிவுச் சரக்கு எல்லாம் நகல்தான் என்று தெரிந்தே வாங்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள வெர்ஷன் எண்ணை நம்ப வேண்டாம். 1.5 என்று ஒரு வெர்ஷனை இஎல்எம் கம்பெனி வெளியிட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1.5 என்று போட்டு வரும் நகல்கள் பல, 2.1 என்று போட்டு வரும் நகல்களைவிட ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 நகல்கள் பலவற்றில் செலவைக் குறைக்க, பழைய வண்டிகள் பேசும் வழியான கே-லைன் பகுதிக்கான பாகங்களையே வைக்காமல் விட்டிருப்பார்கள். கேன் வழியில் பேசும் புது வண்டிக்கு ஓடும், பழைய கே-லைன் வண்டிக்கு ஊமை. வாங்கிய உடனே ஆண்ட்ராய்டில் கிடைக்கும் இஎல்எம் சோதனை ஆப் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். எந்தெந்தக் கட்டளைக்குப் பதில் வருகிறது, எதற்கு வரவில்லை என்று பட்டியல் போடும். பட்டியலில் பாதி சிவப்பாக இருந்தால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

ஐஃபோன்காரர்கள் ஒரு விஷயம் கவனிக்கவும். சாதாரண பழைய ப்ளூடூத் அடாப்டரோடு ஐஃபோன் பேசாது. ப்ளூடூத் 4.0 லோ எனர்ஜி என்று தெளிவாகப் போட்டதோ, வைஃபை வகையோ வேண்டும். வைஃபை வகைக்கு ஆப்பில் 192.168.0.10 என்ற முகவரியும் 35000 என்ற போர்ட்டும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் இணைக்கும்போது கேட்கும் பின் நம்பர் 1234 அல்லது 0000.

இணைக்கும் வரிசை: சாவி ஆஃப், டப்பாவைச் செருகு, சாவி ஆன் (இன்ஜின் ஓட வேண்டாம்), ஃபோனில் ஜோடி சேர், பிறகு ஆப். டப்பாவில் லைட்டே எரியவில்லை என்றால் சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பேட்டரி வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ் போயிருக்கும். பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் ஓபிடிக்கும் ஒரே ஃபியூஸ். மட்டமான சார்ஜரைச் செருகி ஃபியூஸ் அடித்துப்போயிருப்பது ரொம்ப சகஜம்.

ஆப் எது என்று கேட்டால், டார்க் (Torque), கார் ஸ்கேனர் இரண்டும் இந்த வேலைக்குப் போதும். டார்க்கில் மீட்டர் திரைகளை நம் இஷ்டத்துக்கு அடுக்கலாம், ஆனால் தோற்றம் பழையது. கார் ஸ்கேனரில் சில கம்பெனி வண்டிகளுக்குத் தனி புரொஃபைல் உண்டு. அது பொருந்தினால் இன்ஜினைத் தாண்டி வேறு சில கம்ப்யூட்டர் பெட்டிகளையும் எட்டிப்பார்க்கும். இலவசப் பதிப்பில் தொடங்கி, டப்பா ஒழுங்காகப் பேசுகிறது என்று தெரிந்த பிறகு காசு கட்டுவது புத்திசாலித்தனம்.

கோடு வந்துவிட்டது. உடனே 'கிளியர்' பொத்தானுக்கு விரல் போகும். போகக் கூடாது. முதலில் கோடுகள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், பெண்டிங் (இன்னும் உறுதியாகாத கோடுகள்) பட்டியலையும் சேர்த்து. பிறகு ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த நொடியில் இன்ஜின் என்ன சூட்டில், எத்தனை ஆர்பிஎம்மில், என்ன வேகத்தில் இருந்தது என்ற பதிவு அது. கிளியர் அடித்தால் அதுவும் போய்விடும். 'காலையில் குளிரில் விழுந்ததா, ஹைவேயில் சூட்டில் விழுந்ததா' என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

எழுத்தைப் பற்றி ஒரு சிக்கல். இன்ஜின், கியர் சம்பந்தப்பட்ட கோடுகளும் 'பி', கதவு ஜன்னல் முதலான பாடி கோடுகளும் தமிழில் எழுதினால் 'பி'. இங்கே வரும் 'பி' எல்லாம் இன்ஜின் 'பி' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோடு. சொந்தக் கோடுக்கு ஆப் காட்டும் விளக்கம் வேறொரு கம்பெனியுடையதாகவும் இருந்து தொலைக்கும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் நம்பக் கூடாது.

இந்த டப்பா எங்கே தன் விலையைச் சம்பாதித்துக்கொடுக்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் பி0118. 'இன்ஜின் கூலன்ட் சூடு சென்சார் சர்க்யூட், வோல்ட் அதிகம்' என்பது பொருள். லைட் எரியும், பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும். பெயரில் சென்சார் இருப்பதால் பத்தில் ஒன்பது பேர் சென்சார் வாங்கப் போவார்கள். போக வேண்டாம், ஆப்பில் லைவ் டேட்டாவைத் திறந்து கூலன்ட் சூட்டைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். கொடைக்கானலிலும் அவ்வளவு குளிர் கிடையாது. சர்க்யூட் எங்கோ அறுந்து திறந்து கிடக்கிறது என்பதற்கு இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும் கணக்கு அது.

இப்போது சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். இரண்டே பின் உள்ள கப்ளர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று பின் இருந்தால் அதில் 5 வோல்ட் சப்ளை இருக்கும், இந்தச் சோதனையை அங்கே செய்யக் கூடாது. கழற்றிய வயரிங் பக்கத்துக் கப்ளரில் இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய வயரால் இணையுங்கள். ஃபோனில் மைனஸ் 40 சட்டென்று மேலே பாய்ந்து 120-ஐத் தாண்டினால் வயர் நன்றாக இருக்கிறது, இசிஎம் நன்றாக இருக்கிறது. போனது சென்சார், அல்லது அதன் பின்னில் பிடித்த களிம்பு. எண் அசையவே இல்லையா? சிக்னல் பின்னை மட்டும் பேட்டரி நெகட்டிவோடு தொட்டுப் பாருங்கள் (சாவி ஆன், கப்ளர் கழன்ற நிலையில் 5 வோல்ட் காட்டும் பின்தான் சிக்னல்). இப்போது பாய்ந்தால் சென்சாருக்கு வரும் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அப்படியும் அசையாவிட்டால் சிக்னல் வயரே அறுந்திருக்கும், அல்லது இசிஎம்முக்குள் கோளாறு. ஒரு பைசா செலவில்லாமல் மூன்று சந்தேகத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம்.

தலைகீழ்க் கோடு பி0117. அங்கே சூடு எப்போதும் உச்சத்தில் நிற்கும். கப்ளரைக் கழற்றினாலே போதும். எண் மைனஸ் 40-க்கு விழுந்தால் சென்சார் உள்ளே ஷார்ட், விழாவிட்டால் சிக்னல் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. இந்த இரண்டு சோதனையிலும் ஒரு பொறி உண்டு. சில இசிஎம்கள் கோளாறு கண்டதும் உண்மை மதிப்பை மறைத்துவிட்டு தாமாக ஒரு 'பாதுகாப்பு' சூட்டைக் காட்டும். என்ன செய்தாலும் 80 டிகிரியே நின்றால் குறித்து வைத்த பிறகு கோடை அழித்து, சாவி ஆன் செய்த முதல் சில நொடிக்குள் பாருங்கள். சென்சாரையே ஓமில் அளக்க விரும்பினால், பல ஜப்பானிய வகைகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றுவட்டம். வென்னீர் டம்ளரில் முனையை முக்கிப் பார்த்தால் எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் துள்ளினால் சென்சார் குப்பை.

கூலன்ட் சென்சாரையே மாற்ற நேர்ந்தால் இன்ஜின் ஆறிய பிறகுதான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

அடுத்தது பி0562, 'சிஸ்டம் வோல்ட் குறைவு'. அநியாயமாகப் பல பேட்டரிகளை வீட்டுக்கு அனுப்பிய கோடு இது. கடைக்குப் போனால் பேட்டரி மாற்றுவார்கள், அடுத்து, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றுவார்கள். கோடு சொன்னது என்னவோ, 'எனக்கு வந்து சேரும் வோல்ட் குறைகிறது' என்று மட்டும்தான். கிளம்பிய இடத்தில் குறைவா, வழியில் கசிகிறதா என்று சொல்லவில்லை.

இங்கே அடாப்டரின் ஒரு அருமையான பயன், அதிகம் பேர் கவனிக்காதது. வண்டி ஆதரித்தால் ஆப்பில் இரண்டு வோல்ட் தெரியும். ஒன்று 'அடாப்டர் வோல்ட்', சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் டப்பா தானே அளப்பது. இன்னொன்று 'கன்ட்ரோல் மாட்யூல் வோல்ட்', இசிஎம் தன் வாசலில் காண்பது. மூன்றாவது, நம் மீட்டர் பேட்டரி போஸ்டில் அளப்பது. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் போட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் பாருங்கள். பேட்டரியில் 14.1, இசிஎம்மில் 13.9 என்றால் வழி சுத்தம். பேட்டரியில் 14.1, இசிஎம்மில் 12.6 என்றால் ஒன்றரை வோல்ட் நடுவழியில் மாயம். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நிரபராதிகள். மெயின் ரிலேயின் காண்டாக்ட், அதன் ஃபியூஸ், இசிஎம்மின் எர்த் போல்ட், இந்த மூன்றில் ஒன்று. மலிவு டப்பாக்களின் சொந்த வோல்ட் கணக்கு சில பாயின்ட் தப்பாக இருக்கும். ஒருமுறை 16-ஆம் பின்னில் மீட்டரை வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு பிசகு என்று டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பேட்டரியிலேயே குறைவு என்றால் மீட்டர் வேலை தொடங்குகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5. புது வண்டிகளில் ஆல்டர்னேட்டரை இசிஎம்மே கட்டுப்படுத்துவதால், சும்மா ஓடும்போது 12.8 காட்டினால் பயப்பட வேண்டாம், ஹெட்லைட்டைப் போட்டால் ஏற வேண்டும். மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட்டுக்கு மாற்றி அதே பேட்டரி போஸ்டில் வையுங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்கிறது.

பிறகுதான் வோல்ட் டிராப் சோதனை, அதாவது வயர் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. எர்த் வயரை ஓமில் அளந்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டரில் 0.01 ஓமைப் படிக்கவே முடியாது. நூறு இழையில் ஒரே இழை மிஞ்சிய வயரும் மீட்டரில் 'தொடர்ச்சி இருக்கிறது' என்று பீப் அடிக்கும். அதனால் கரன்ட் ஓடும்போது அளக்க வேண்டும். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில் (கிளாம்பில் இல்லை, ஈயப் போஸ்டில்), சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். இன்ஜின் ஓடி எல்லா லைட்டும் எரியும்போது 0.1 வோல்ட்டுக்குள், செல்ஃப் அடிக்கும்போது 0.3 சுற்றுவட்டத்துக்குள் இருக்கட்டும். அதே மாதிரி பாடிக்கு ஒருமுறை. பாசிட்டிவ் பக்கம் ஆல்டர்னேட்டரின் பெரிய நட்டில் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவ் போஸ்டில் ஒரு முனை: 0.2 நல்லது, 0.5 என்றால் வழியில் கோளாறு. எங்கே டிராப் அதிகமோ, அந்த வழியில் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள். போஸ்டிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து வயர் லக்குக்கு, லக்கிலிருந்து போல்ட்டுக்கு. எண் குதிக்கும் இடம்தான் கோளாறு.

எர்த் போல்ட் என்றால் மருத்துவம் எளிது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, லக்கின் அடியையும் பாடியின் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு வெளியே மெல்லிய கிரீஸ் பூச்சு. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கும், வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கும் இது கிட்டத்தட்ட வருடாந்தர வேலை. பெயின்ட் மேல் லக்கை வைத்து இறுக்கிய 'ரிப்பேர்'களையும் நிறையப் பார்க்கலாம். டென்ட் அடித்துப் பெயின்ட் போட்ட வண்டியில் கோடு வந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நாலைந்து கோடு வந்தால் பயப்படாமல் சந்தோஷப்பட வேண்டும். பி0107, பி0122, பி0532 மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன என்று வையுங்கள். மேனிஃபோல்ட் பிரஷர், த்ராட்டில், ஏசி கேஸ் பிரஷர், மூன்றிலும் 'வோல்ட் குறைவு'. மூன்று சென்சாரும் ஒரே நாளில் சாகாது. மூன்றுக்கும் பொதுவான 5 வோல்ட் சப்ளை எங்கோ எர்த்தோடு ஷார்ட் ஆகிவிட்டது. கூடவே பி0641 வந்தால் இசிஎம்மே அதை வாய்விட்டுச் சொல்கிறது. ஒரு சென்சார் கப்ளரின் பின்பக்கத்தில் மீட்டரை வைத்து 5 வோல்ட் வயரைக் கவனியுங்கள், 0.3, 0.4 என்று கிடக்கும். அதே லைனில் உள்ள மற்ற சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5-க்கு எழுகிறதோ அதுதான் உள்ளே ஷார்ட் ஆனது. வண்டியின் முன்னால் கண்டென்சர் பக்கம் தண்ணீரும் கல்லும் வாங்கும் ஏசி பிரஷர் சென்சாரை முதலில் கழற்றுவது நேரத்தை மிச்சமாக்கும். எல்லாம் கழற்றியும் எழாவிட்டால் வயரிங்தான். பிராக்கெட் ஓரத்தில் உரசிய இடம், அல்லது எலி.

எலியை லேசாக எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் சூடான இன்ஜின் மேல் குடியேறி அது முதலில் கடிப்பது மெல்லிய சென்சார் வயர்களைத்தான். மேலே வயரை மூடும் பிளாஸ்டிக் குழாய் முழுசாக இருக்கும், அடிப்பக்கம் தின்றிருக்கும். டார்ச் அடித்துக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். புழுக்கை கிடந்தால் ஸ்கேனரை மூடிவிட்டு முதலில் அதைத் தேடுங்கள்.

பற்ற வைப்பு, எரிபொருள் கோடுகளை இந்த டப்பா எளிதாகவே முடித்துக்கொடுக்கும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0352 என்றால் இரண்டாவது காயிலின் சர்க்யூட். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி, கோடை அழித்து ஓட்டுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில், அங்கேயே நின்றால் வயர், கப்ளர், இல்லையென்றால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பி0201 முதல் 0204 வரை இன்ஜெக்டர் சர்க்யூட். சாதாரண போர்ட் இன்ஜெக்டர் 11 முதல் 16 ஓம் காட்ட வேண்டும் (டீசல் காமன் ரெயிலுக்கும் நேரடி பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கும் இந்த அளவு பொருந்தாது, அங்கே ஆபத்தான வோல்ட் உண்டு, கை வைக்க வேண்டாம்). பி0135, பி0141 இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டு ஆக்ஸிஜன் சென்சாரையும் வாங்கி விடாதீர்கள். ஹீட்டருக்கான ஒரே ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

'யு' கோடுகளில் டப்பாவின் கை தளர்கிறது. பெட்டிகளுக்குள் பேச்சு அறுந்தது என்பதே இவற்றின் பொருள். இசிஎம்மோடு தொடர்பு போனது என்னும் யு0100, இசிஎம்மிலேயே பதிவாகாது. ஏபிஎஸ், பாடி பெட்டிகள்தான் அதைச் சொல்லும். மலிவு டப்பாவும் பொது ஆப்பும் அந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் எட்டாது. இசிஎம் பக்கம் தெரிவது யு0121 (ஏபிஎஸ் பேசவில்லை), யு0155 (மீட்டர் போர்டு பேசவில்லை) போன்றவை. பேட்டரி இறங்கிய வண்டியை ஜம்ப் கொடுத்து எடுத்த பிறகு இவை கும்பலாகக் கிடந்தால், அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதே போதும், திரும்ப வராது. வந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 சரி. 120 என்றால் இரு முனைகளில் உள்ள தடைகளில் ஒன்று துண்டிப்பு. பூஜ்யத்தை ஒட்டினால் இரு வயரும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவே கேட்வே பெட்டி உள்ள வண்டிகளில் இந்த எண் மாறும், அங்கே மேனுவல் இல்லாமல் தீர்ப்பு எழுத முடியாது. கேன் வயரை ஒட்ட நேர்ந்தால் இரண்டும் முறுக்கியபடியே இருக்க வேண்டும். நீளமாகப் பிரித்து நேராக ஓட்டிவிட்டால் இரைச்சல் புகுந்து புதுக் கோடு வரும்.

ஏர்பேக் லைட்டுக்கு இந்த டப்பா உதவாது, அதோடு நிறுத்திக்கொள்ளவும். மஞ்சள் உறை போட்ட வயரில் ஓம் மீட்டர் வைப்பது ஏர்பேக்கை வெடிக்கச் செய்யலாம். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு வயர்களுக்கும் அதே தூரம்.

வேலை செய்யும்போது நாமே உண்டாக்கும் கோளாறு ஒன்று உண்டு. மல்டிமீட்டரின் தடித்த முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணிப்பது. பின் விரிந்துவிடும், பிறகு ஆட்டம் கொடுத்து லூஸ் காண்டாக்ட் ஆகும். பழைய கோடு போய்ப் புதுக் கோடு முளைக்கும். கப்ளரின் பின்புறமாக வயர் நுழையும் ரப்பர் ஓரத்தில் மெல்லிய குண்டூசியைச் செருகி, அதில் முனையைத் தொடுவதே சரி. வயரின் தோலைக் குத்தி அளந்தால் ஆறு மாதத்தில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சையாகும். அதே போல், பழைய பல்பு டெஸ்ட் லேம்ப்பை இசிஎம் வயர்களில் தொடவே கூடாது. அது இழுக்கும் கரன்ட்டை உள்ளே உள்ள டிரைவர் தாங்காது.

களிம்பு பிடித்த கப்ளருக்கு பெட்ரோல் ஊற்றித் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்குங்கள், காய்ந்த பின் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கடுகளவு. அறுந்த வயருக்கு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் சூட்டில் பசை உருகிக் கழன்றுவிடும். சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அசையாதபடி ஹார்னஸோடு கட்டுங்கள்.

சரிசெய்த பிறகு கோடை அழியுங்கள். அறுந்த சர்க்யூட் இன்னும் அறுந்தே இருந்தால் பி0118 மாதிரிக் கோடுகள் சாவி ஆன் செய்த சில நொடியில் திரும்பிவிடும், அதுவே சோதனை. சில நாள் கழித்து வந்தால் லூஸ் காண்டாக்ட். லைவ் டேட்டாவில் அந்த எண்ணைத் திறந்து வைத்துவிட்டு, ஒருவர் ஹார்னஸை மெதுவாக ஆட்ட, மற்றவர் ஃபோனைப் பார்க்கட்டும். மலிவு டப்பாவில் இங்கே ஒரு குறை. ஒரே நேரத்தில் பத்து எண்ணைத் திறந்தால் புதுப்பிப்பு மந்தமாகி, நொடிப் பொழுது துள்ளலைத் தவறவிடும். ஒன்றோ இரண்டோ மட்டும் திறந்து வையுங்கள். ஓபிடிலிங்க் போன்ற விலையுயர்ந்த அடாப்டர்கள் இதில் கண்ணுக்குத் தெரியும்படி வேகம், தூங்கும் வசதியும் உண்டு. ஆனால் விலை பல மடங்கு. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அது அதிகப்படி. தெருவில் நாலு வண்டிக்குப் பார்த்துக் கொடுப்பவர் வாங்கலாம்.

மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மல்டிமீட்டரோடு ஐந்துக்கு நாலு, தனியாக ஐந்துக்கு இரண்டு. இன்ஜின் கோடு, லைவ் டேட்டா, ஃப்ரீஸ் ஃப்ரேம் மூன்றுக்கும் இந்த விலையில் வேறு எதுவும் கிட்டே வராது. ஏபிஎஸ், ஏர்பேக், சாவி கோடிங் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வேலை முடிந்ததும் டப்பாவைக் கழற்றிவிடுங்கள். 16-ஆம் பின்னில் சாவி ஆஃப் ஆனாலும் கரன்ட் இருக்கும், நகல் டப்பாக்கள் தூங்காது. 45 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர் மணிக்குக் கொஞ்சம் மேல். வண்டியே சொந்தமாக இழுக்கும் 25 மில்லி ஆம்பியரையும் சேர்த்தால், சிறிய கார்களில் வரும் 35 ஆம்பியர் மணி பேட்டரி பத்து நாளில் பாதி காலி. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும். ஜம்ப் கொடுத்து எடுத்து, மறுபடி டப்பாவைச் செருகிப் பார்த்தால் திரையில் பி0562 நிற்கும்.